வேலை நேரத்தில் யூடியூபையும் வாட்ஸ்அப்பையும் கட்டிப்போடுவது எப்படி

கவனம் சிதறுகிறது என்று தோன்றியதும் பெரும்பாலானோர் முதலில் செய்வது, தளங்களைத் திறக்கவிடாமல் தடுக்கும் பிளாக்கர் ஒன்றைத் தேடி இறக்கி, யூடியூப், இன்ஸ்டாகிராம், கிரிக்கெட் ஸ்கோர் என்று நினைவுக்கு வந்ததையெல்லாம் அதில் போட்டுப் பூட்டுவதுதான். மூன்றாம் நாள் ஏதோ ஒரு வீடியோ வேலைக்கே தேவைப்படும், பூட்டைத் திறப்பார்கள், அப்புறம் அது திறந்தேதான் கிடக்கும். பிளாக்கர் மேல் தப்பில்லை. எது இழுக்கிறது என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டைப் போட்டதால் வந்த வினை அது. பிளாக்கரைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு முன்னால் செய்ய நிறைய இருக்கிறது, அதில் பெரும்பகுதிக்குக் காசும் தேவையில்லை.

இழுப்பவை மூன்று வகை. தானாக வந்து தோளைத் தட்டுபவை ஒன்று: வாட்ஸ்அப் சத்தம், மெயில் வந்ததென்று மூலையில் எட்டிப் பார்க்கும் கட்டம், என்றோ ஒருநாள் ஒரு செய்தித் தளத்துக்கு 'அலோ' கொடுத்த பாவத்துக்கு இன்றுவரை வந்து விழும் பிரேக்கிங் நியூஸ். இரண்டாவது, யாரும் கூப்பிடாமல் நாமே போய் விழுபவை. ஒரு பெரிய எக்செல் ஷீட் திறக்கத் திணறுகிறது, அந்த இருபது விநாடியில் கை தானாகப் புது டேப் திறந்து யூடியூபின் முதல் எழுத்தை அடிக்கிறது, மீதியை பிரவுசரே நிரப்பிக் கொடுத்துவிடுகிறது. மூன்றாவது, வேலை என்ற பெயரிலேயே வருபவை: டீம்ஸ், ஸ்லாக், அவுட்லுக். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் குளோரியா மார்க் என்ற ஆய்வாளர், மக்கள் கம்ப்யூட்டரில் எவ்வளவு நேரம் ஒன்றையே பார்த்திருக்கிறார்கள் என்று பல வருடமாக அளந்து வருகிறார். 2004-ல் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்ற கண், சமீப ஆண்டுகளில் 47 விநாடிக்கு வந்துவிட்டது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் சொல்லும் இன்னொன்று: வேலை நடுவில் அறுபடுவதில் கிட்டத்தட்ட பாதி, வெளியிலிருந்து யாரும் கெடுத்து நடப்பதில்லை, ஆட்கள் தாங்களாகவே விட்டுவிட்டுப் போகிறார்கள். அதனால் நோட்டிஃபிகேஷனை மட்டும் நிறுத்தினால் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்பீர்கள்.

உங்களுக்கு எந்த வகை அதிகம் என்று தெரிய பெரிய ஆப் எதுவும் வேண்டாம். பிரவுசரில் கண்ட்ரோல் பட்டனோடு ஹெச் அழுத்தினால் ஹிஸ்டரி வரும், நேற்றைய தேதியை எடுத்து காலை முதல் சாயங்காலம் வரை மெதுவாகக் கீழே இறங்கிப் பாருங்கள். எந்த நேரத்தில் எங்கே போனீர்கள், எதற்குப் பின்னால் போனீர்கள் என்று அங்கேயே எழுதியிருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டரை மணி வாக்கில் ஒரு பெரிய கூட்டமாக ஷாப்பிங் தளங்கள் தெரிந்தால், அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் ஏற்பாடு செய்தாலே போதும், நாள் முழுக்கப் பூட்ட வேண்டியதில்லை.

முதலில் சத்தம்

இங்கே விண்டோஸ் 11-ஐ வைத்துச் சொல்கிறேன், ஆபீஸ் லேப்டாப்களில் அதுதான் அதிகம். செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் நோட்டிஃபிகேஷன்ஸ். உள்ளே போனால் ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு சுவிட்ச் வரிசையாக இருக்கும். ஒரே ஒருமுறை பொறுமையாக மேலிருந்து கீழே வரை போய், காலண்டரையும் உண்மையிலேயே அவசரத்துக்குக் கூப்பிடும் ஆப்பையும் விட்டுவிட்டு மற்றதை அணைத்துவிடுங்கள். அடியில் 'அடிஷனல் செட்டிங்ஸ்' என்று மடித்து வைத்திருப்பதையும் திறங்கள், விண்டோஸ் தன் பங்குக்கு டிப்ஸ் கொடுக்கிறேன் என்று வருவதை அங்கேதான் டிக் எடுத்து நிறுத்த வேண்டும்.

அதே பக்கத்தில் 'டூ நாட் டிஸ்டர்ப்' தானாக ஆன் ஆவதற்கு நேரம் குறிக்கலாம். காலை 9 முதல் 1 வரை என்று வைத்துவிட்டால் தினமும் நினைவு வைத்து அழுத்தும் வேலை மிச்சம். வந்த தகவல் எதுவும் தொலைந்துபோகாது, நோட்டிஃபிகேஷன் சென்டரில் சேர்ந்திருக்கும், நேரம் கிடைக்கும்போது மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

சத்தத்தை நிறுத்தினாலும் டாஸ்க்பாரில் சிவப்பு வட்டத்தில் ஒரு 7 உட்கார்ந்திருக்கும், அது சத்தத்தைவிட மோசம், ஏனென்றால் கண் திரும்பும்போதெல்லாம் அங்கேயே இருக்கிறது. செட்டிங்ஸில் பர்சனலைசேஷன், டாஸ்க்பார், டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் என்று போனால், அந்த எண்ணைக் காட்டுவதையும் ஐகான் மின்னுவதையும் தனித்தனியாக நிறுத்தலாம். கொஞ்ச நேரத்துக்கு மட்டும் போதும் என்றால் கிளாக் ஆப்பில் ஃபோகஸ் செஷன் ஆரம்பியுங்கள், செஷன் முடியும் வரை இதையெல்லாம் அதுவே மறைத்துவிடும். (அதே ஆப் ஸ்பாட்டிஃபையையும் இணைத்துக்கொள்ளச் சொல்லும். வேண்டாம். எந்தப் பாட்டு போடலாம் என்று தேடுவதிலேயே கால் மணி நேரம் போய்விடும்.)

இன்னும் சில சில்லறை வேலைகள். டாஸ்க்பார் செட்டிங்ஸிலேயே விட்ஜெட்ஸை அணையுங்கள், மவுஸ் தவறி மேலே பட்டாலே செய்திகளும் வானிலையும் விரியும் தொல்லை போகும். எட்ஜ் பயன்படுத்தினால் புது டேப் பக்கத்தின் செட்டிங்ஸில் கன்டென்டை ஆஃப் செய்யுங்கள். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், எந்தத் தளமும் இனி கேட்கவே கூடாது என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஏற்கெனவே அனுமதி கொடுத்த பட்டியலையும் சுத்தம் செய்யுங்கள். அந்தப் பட்டியலில் நீங்கள் மறந்தேபோன தளங்கள் இருக்கும். ஃபோன் லிங்க் இணைத்திருந்தால் போனில் வரும் எல்லாமே இந்தத் திரையிலும் வரும், அதையும் துண்டித்துவிடுங்கள்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், அதில் ஸ்டார்ட்அப் ஆப்ஸ். வாட்ஸ்அப், ஸ்பாட்டிஃபை, டிஸ்கார்ட், ஸ்டீம் எதுவாக இருந்தாலும் லேப்டாப்போடு சேர்ந்து கண் விழிக்கத் தேவையில்லை, டிசேபிள் செய்யுங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு 2021-ல் வந்த மான்டரேயிலிருந்து ஃபோகஸ் என்ற வசதி இருக்கிறது, நேரம் குறிக்கலாம், யார் அழைத்தால் மட்டும் தெரியவேண்டும் என்றும் சொல்லலாம். ஸ்கிரீன் டைமும் உண்டு. ஆனால் அதில் ஆப் லிமிட் போட்டுவிட்டு பாஸ்கோடு வைக்காமல் விட்டால் 'இன்றைக்கு விட்டுவிடு' என்று ஒரு பட்டன் காட்டும், எல்லோரும் அதைத்தான் அழுத்துவார்கள். பாஸ்கோடை வீட்டில் வேறு யாராவது வைத்துக்கொள்ளட்டும்.

பிரவுசர்தான் பெரிய வேலை

இரண்டாவது வகை, அதாவது நாமே போய் விழுவது, முக்கால்வாசி பிரவுசரில்தான் நடக்கிறது. முதலில் குரோமில் வேலைக்கென்று தனி புரொஃபைல் ஒன்று உண்டாக்குங்கள். மேலே வலது ஓரத்தில் உங்கள் படம் இருக்கும் வட்டத்தை அழுத்தினால் புதிதாகச் சேர்க்கும் வழி இருக்கும். அதில் ஆபீஸ் கணக்கு மட்டும் லாகின் ஆகியிருக்கட்டும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், எக்ஸ் எதிலும் அங்கே லாகின் செய்யாதீர்கள், பாஸ்வேர்டைச் சேமிக்கவும் செய்யாதீர்கள். புது புரொஃபைலுக்குப் பழைய ஹிஸ்டரி கிடையாது என்பதால் ஒரு எழுத்து அடித்ததும் மீதியை நிரப்பும் வேலையும் நடக்காது. கை பழக்கத்தில் போனாலும் லாகின் பக்கத்தில் முட்டி நிற்கும், நின்ற அந்த நொடியில் நாம் எதற்கு வந்தோம் என்பது நினைவுக்கு வரும். தடை என்று பார்த்தால் சின்னதுதான், ஆனால் எனக்குத் தெரிந்து இதைவிட நன்றாக வேலை செய்வது வேறெதுவும் இல்லை.

வாட்ஸ்அப்புக்கும் இதே வைத்தியம். கம்ப்யூட்டரில் மியூட் செய்வதைவிட லாக்அவுட் செய்துவிடுங்கள். மறுபடி வேண்டுமென்றால் போனை எடுத்து, லிங்க்டு டிவைசஸ் போய், கியூஆர் கோடைக் காட்டி ஸ்கேன் செய்ய வேண்டும். உண்மையிலேயே ஒரு ஃபைல் அனுப்ப வேண்டியிருந்தால் அதைச் செய்வீர்கள். குடும்ப குரூப்பில் குட் மார்னிங் பார்க்கச் செய்யமாட்டீர்கள்.

யூடியூப் கொஞ்சம் சிக்கல். முழுக்கப் பூட்டவும் முடியாது, ஏனென்றால் டேலியில் ஒரு ஜிஎஸ்டி என்ட்ரி எப்படிப் போடுவது என்பதில் ஆரம்பித்து ஒரு புரோகிராமிங் பிழைக்கு வழி தேடுவது வரை பாதிப் பேர் அங்கேதான் கற்றுக்கொள்கிறோம். பிரச்சினை நாம் தேடிப்போன வீடியோ இல்லை, அதைச் சுற்றி அவர்கள் அடுக்கி வைத்திருக்கும் மற்ற வீடியோக்கள். அதற்கு யூடியூபிலேயே ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை: வாட்ச் ஹிஸ்டரியை அணைத்து, பழையதையும் அழித்துவிட்டால் முகப்புப் பக்கம் கிட்டத்தட்ட காலியாகிவிடும். 2023 ஆகஸ்டில் இந்த மாற்றம் வந்தது. தேடும் பெட்டி மட்டும் இருக்கும், வேண்டியதைத் தேடிப் பார்த்துவிட்டு வெளியே வரலாம். இடதுபக்கப் பட்டியில் ஹிஸ்டரியை அழுத்தினால் நிறுத்தும் பட்டனும் அழிக்கும் பட்டனும் அங்கேயே உண்டு. வீடியோ ஓடும்போது பக்கத்தில் வரும் பரிந்துரைகளையும் ஷார்ட்ஸையும் மறைக்க அன்ஹுக் என்ற இலவச எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சின்ன நிரல்) இருக்கிறது. ஆட்டோபிளேயை அணைப்பது சொல்லாமலே தெரிந்திருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு தளம் விடாமல் இழுக்கிறது என்றால் அப்போது பிளாக்கர். நான் சிபாரிசு செய்வது லீச்பிளாக். இலவசம், ஃபயர்ஃபாக்ஸ், குரோம், எட்ஜ் மூன்றிலும் கிடைக்கும், பார்ப்பதற்கு அழகாக இருக்காது, ஆனால் நம் மனசு செய்யும் தில்லுமுல்லுகளை எல்லாம் யோசித்துச் செய்த ஒன்று. ஆப்ஷன்ஸ் திறந்தால் பிளாக் செட் என்று பல பக்கங்கள் இருக்கும். முதல் செட்டில் எந்தத் தளம் என்பதை வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். ஒரு தளத்தில் ஒரு பகுதி மட்டும் வேண்டும் என்றால் அந்த முகவரிக்கு முன்னால் + போட்டால் அது மட்டும் திறந்திருக்கும். அடுத்து எப்போது என்பது. 0900-1300,1400-1800 என்று எழுதினால் மதியச் சாப்பாட்டு நேரம் தானாக விடுபட்டுவிடும், ஐபிஎல் சீசனில் ஸ்கோர் பார்ப்பவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் விட்டே ஆகவேண்டும், இல்லாவிட்டால் மொத்த ஏற்பாட்டையும் கழற்றி எறிந்துவிடுவார்கள். நேரம் முழுக்கத் தடுக்க மனசில்லை என்றால் ஒரு மணி நேரத்துக்கு 5 நிமிடம் என்பதுபோலவும் கொடுக்கலாம்.

எப்படித் தடுப்பது என்ற இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. முழுக்க மூடுவதற்குப் பதிலாக, தளம் திறப்பதற்கு முன் எண்ணிக்கொண்டே ஒரு பக்கம் நிற்கும்படி வைக்கலாம், வழக்கமாக 60 விநாடி. உட்கார்ந்து பாருங்கள், அந்த அறுபதும் ரொம்ப நீளம். பாதியிலேயே டேபை மூடிவிடுவீர்கள். நிஜமாகத் தேவை இருந்தால் காத்திருந்து உள்ளே போகலாம், அதனால் பூட்டை உடைக்க வேண்டிய அவசியமே வராது. முழுத்தடையைவிடத் தாமதம் நாள்பட நிற்பதற்கு இதுதான் காரணம். கூடவே, தடை நடக்கும் நேரத்தில் ஆப்ஷன்ஸை நாமே மாற்ற முடியாதபடி ஒரு டிக் இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள்.

ஒரு ஓட்டை பாக்கி. எக்ஸ்டென்ஷன்கள் இன்காக்னிட்டோ ஜன்னலில், அதாவது ஹிஸ்டரி பதியாத தனி ஜன்னலில், தாமாக வேலை செய்யாது. எக்ஸ்டென்ஷன் விவரப் பக்கத்தில் போய் இன்காக்னிட்டோவிலும் அனுமதி என்பதை ஆன் செய்யாவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்று பட்டனில் எல்லாம் திறந்துவிடும். இன்னொரு பிரவுசரும் அப்படித்தான், குரோமில் பூட்டிவிட்டு எட்ஜைத் திறந்து வைத்திருந்தால் பிரயோஜனமில்லை, அதிலும் போடுங்கள்.

கெட்டியான பூட்டு வேண்டுபவர்களுக்கு

எல்லா பிரவுசரையும் ஒரே இடத்தில் நிறுத்த ஹோஸ்ட்ஸ் ஃபைல் என்ற பழைய வழி இருக்கிறது, எந்தத் தளத்தை எங்கே தேடவேண்டும் என்று கம்ப்யூட்டர் பார்க்கும் பட்டியல் அது. நோட்பேடை ரைட் கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று திறக்க வேண்டும், சாதாரணமாகத் திறந்தால் சேமிக்க விடாது. ஃபைல், ஓபன் போய், சி டிரைவில் விண்டோஸ், அதில் சிஸ்டம்32, அதில் டிரைவர்ஸ், அதில் இடிசி (etc) என்ற மூன்றெழுத்து ஃபோல்டர். அங்கே எதுவுமே இல்லாததுபோல் தெரியும், பயப்படாதீர்கள், கீழே டெக்ஸ்ட் ஃபைல்கள் மட்டும் என்றிருப்பதை ஆல் ஃபைல்ஸ் என்று மாற்றினால் ஹோஸ்ட்ஸ் தெரியும். திறந்து, கடைசியில் புது வரியில் 127.0.0.1 (உங்கள் கம்ப்யூட்டரையே குறிக்கும் எண்) என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, தளத்தின் முகவரி. முன்னால் மூன்று டபிள்யூ உள்ள முகவரிக்கு ஒரு வரி, இல்லாததற்கு ஒரு வரி, இரண்டும் தேவை. சேமித்துவிட்டு பிரவுசரை முழுக்க மூடித் திறங்கள். மறுபடி வேண்டுமென்றால் அந்த வரியின் முன்னால் # போட்டால் போதும். ஏற்கெனவே அதில் இருக்கும் வரிகளைத் தொடாதீர்கள்.

கேம், டெலிகிராம் மாதிரி தனி ஆப்களையும் தடுக்க வேண்டுமென்றால் கோல்ட் டர்க்கி என்ற பிளாக்கர். தளங்களைத் தடுக்க இலவசப் பதிப்பே போதும், ஆப்களைத் தடுக்கவும் நேர அட்டவணைக்கும் காசு கட்ட வேண்டும், மாதாமாதம் இல்லை, ஒரே தடவை. மேக்கில் செல்ஃப்கன்ட்ரோல் இலவசம், ஆனால் அது தளங்களை மட்டும்தான் தடுக்கும். முரட்டு ஆள்: ஆரம்பித்துவிட்டால் ஆப்பையே அழித்தாலும் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தாலும் நேரம் முடியும் வரை விடாது. முதல்முறையே எட்டு மணி நேரம் வைக்காமல் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள், மறந்துபோய் வேலைக்குத் தேவையான தளத்தையும் பட்டியலில் சேர்த்திருந்தால் சாயங்காலம் வரை கையைப் பிசைய வேண்டியதுதான்.

ஆபீஸ் சாட் என்ன செய்வது

இதை எந்த பிளாக்கராலும் தீர்க்க முடியாது, பூட்டினால் வேலை போய்விடும். ஆனால் அடக்கலாம். டீம்ஸில் நோட்டிஃபிகேஷன் செட்டிங்ஸ் போனால் ஒவ்வொன்றுக்கும் பேனராக வரட்டுமா, ஃபீடில் மட்டும் இருந்தால் போதுமா என்று கேட்கும். சேனல் பேச்சு எல்லாம் ஃபீடோடு நிற்கட்டும், உங்கள் பெயரைக் குறிப்பிட்டால் மட்டும் பேனர். டூ நாட் டிஸ்டர்ப் போட்டாலும் மேனேஜர் கூப்பிட்டால் தெரியவேண்டும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு, அதற்குத்தான் 'பிரையாரிட்டி ஆக்சஸ்' என்று ஒரு பட்டியல், அதில் சேர்த்தவர்களின் அழைப்பு மட்டும் தடையைத் தாண்டி வரும். ஸ்லாக்கில் நேரடிச் செய்தியும் உங்கள் பெயர் வரும் செய்தியும் மட்டும் தெரிவிக்கும்படி வைத்துவிட்டு, தேவையான நேரத்தில் நோட்டிஃபிகேஷனைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வையுங்கள். அப்போது யாருக்காவது உண்மையிலேயே அவசரம் என்றால் அனுப்பியவரே 'பரவாயில்லை, தெரிவி' என்று அழுத்தலாம், அப்படி அழுத்துகிறவர்கள் எவ்வளவு குறைவு என்று பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

அவுட்லுக்கின் பழைய டெஸ்க்டாப் பதிப்பில் ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில் என்று போய் மெயில் வந்ததும் காட்டும் கட்டத்தின் டிக்கை எடுங்கள். அதைவிட எனக்குப் பிடித்தது சென்ட்/ரிசீவ் டேபில் இருக்கும் 'வொர்க் ஆஃப்லைன்'. அழுத்திவிட்டால் பழைய மெயில்கள் எல்லாம் படிக்கலாம், பதில் எழுதலாம், எழுதியது அவுட்பாக்ஸில் காத்திருக்கும், புதிதாக எதுவும் உள்ளே வராது. ஒரு நீளமான மெயிலை எழுதி முடிப்பதற்குள் நான்கு புது மெயில் மேலே வந்து உட்காரும் இம்சை இல்லை. திரும்ப ஆன்லைன் போட மறந்துவிடாதீர்கள்.

டீம்ஸில் அஞ்சு நிமிஷம் மவுஸ் நகராவிட்டால் பச்சை மஞ்சளாகிவிடும், அதைப் பார்த்துக் கேள்வி கேட்கும் ஆபீஸ்களும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் இருந்தால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்: "பத்திலிருந்து பன்னிரண்டு வரை ரிப்போர்ட் வேலை, அவசரம்னா போன் பண்ணுங்க" என்று ஸ்டேட்டஸில் ஒரு வரி. சொல்லாமல் காணாமல் போனால்தான் பிரச்சினை.

கம்பெனி கொடுத்த லேப்டாப்பில் அட்மின் உரிமை இருக்காது, ஹோஸ்ட்ஸ் ஃபைல், கோல்ட் டர்க்கி இதெல்லாம் நடக்காது, நடந்தாலும் ஐடி பிரிவைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். நோட்டிஃபிகேஷன், ஃபோகஸ், தனி புரொஃபைல் இந்த மூன்றையும் பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை. லீச்பிளாக் போட முடிகிறதா என்று முயன்று பாருங்கள், விடாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அப்புறம் போன்

கம்ப்யூட்டரை எவ்வளவு இறுக்கினாலும் கை அடுத்து போவது போனுக்குத்தான், இது நிச்சயம் நடக்கும். பக்கத்து ரூமில் வையுங்கள் என்று சொல்வது சுலபம். பாங்க் ஓடிபி, ஆபீஸ் லாகினுக்கு ஆதென்டிகேட்டர் என்று மணிக்கு இரண்டு தடவை அதை எடுத்தே ஆகவேண்டும், எடுத்தால் ஆறு இலக்கத்தைப் பார்த்துவிட்டு கீழே வைக்கிற ஆள் யார். அதனால் போனை விரட்டுவதைவிட உள்ளே இருப்பதைத் தூங்க வைப்பது நல்லது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங், அதில் ஃபோகஸ் மோட். எந்தெந்த ஆப் என்று தேர்ந்தெடுத்து, லேப்டாப்பில் வைத்த அதே நேரத்தை இங்கேயும் குறித்துவிடுங்கள். அந்த நேரத்தில் இன்ஸ்டாகிராமும் யூடியூபும் சாம்பல் நிறமாகி நிற்கும், தொட்டாலும் திறக்காது, அவற்றின் நோட்டிஃபிகேஷனும் வராது. எஸ்எம்எஸ்ஸையும் போன் காலையும் அது தொடாது, ஓடிபி வழக்கம்போல வரும். 'டேக் எ பிரேக்' என்று 5, 15, 30 நிமிடம் தளர்த்தும் வழியும் வைத்திருக்கிறார்கள். டீ குடிக்கப் போகும்போது 5-ஐ அழுத்துங்கள், 30 பக்கம் போகவேண்டாம்.